70 வளைவு... 18 குதிரை... ஒரே ஒரு பல்!

காலேஜ் பார்க்கிங்ல வண்டியை நிறுத்திட்டு, நாலு அடி நடந்த பிறகு, திரும்பி ஒரு தடவை ஆசையா பார்ப்பீங்களே... அந்த ரகமா நீங்க? அப்போ இந்த மேட்டர் உங்களுக்குத்தான் பாஸ்!

எனக்கும் அந்த வியாதி உண்டு. மெக்கானிக்கல் மூணாவது வருஷம். கையில ஒரு செகண்ட் ஹேண்ட் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. 2020 மாடல். முன் சக்கரம் 21 இன்ச், பின் சக்கரம் 18 இன்ச், தரைக்கும் வண்டியோட வயித்துக்கும் நடுவுல 220 மில்லிமீட்டர் இடைவெளி. தார் ரோட்டுலயும் ஓடும், மண் ரோட்டுலயும் ஓடும். ‘டூயல் ஸ்போர்ட்’னு இந்த வகைக்குப் பேரு. எல்லாம் ஓகே... ஆனா பவர்? 199.6 சிசி எஞ்சின். குதிரைத் திறன் 18 சொச்சம். பைபாஸ்ல பக்கத்துல ஒரு வண்டி ‘விர்ர்ர்’னு தாண்டிப் போறப்போ, நம்ம 18 குதிரையும் ஓரமா நின்னு புல் மேயுற மாதிரி ஒரு ஃபீலிங்!

விடுவோமா? ஹாஸ்டல் சுவத்துல ஒரு லிஸ்ட் ஒட்டினேன். ஒண்ணு, ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். ரெண்டு, ஒரிஜினல் ஏர் ஃபில்டர் டப்பாவைத் தூக்கிட்டு கூம்பு மாதிரி ஓப்பன் ஃபில்டர். மூணு, பெட்ரோல் அளவை ஏமாத்திக் கூட்டுற ஒரு எலெக்ட்ரானிக் டப்பா. நாலு, சிலிண்டர் போரைக் குடைஞ்சு பெரிய பிஸ்டன். இதெல்லாம் யார் செய்யப் போறது? நாமதான்! யூட்யூப் எதுக்கு இருக்கு?

பட்ஜெட் 22,000 ரூபாய். ஸ்கூல் பசங்களுக்கு டியூஷன் எடுத்து ரெண்டு வருஷமா சேர்த்தது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குன்னு வீட்டுல சொல்லி வெச்ச பணமும் அதுதான். அப்பா வேற வண்டி வாங்கிக் கொடுத்த அன்னிக்கே ஒரு சட்டம் போட்டிருந்தார்: “எஞ்சின்ல கை வெச்சேன்னு தெரிஞ்சுது... சாவி என் கைக்கு வந்துடும்.”

திங்கட்கிழமை கடையில அட்வான்ஸ் கட்டணும். அதுக்கு முன்னாடி சனிக்கிழமை ஒரு டெஸ்ட் ரைடு. கூட வந்தது எங்க சீனியர். ஹாஸ்டல்ல எல்லாரும் ‘ராக்கெட் அண்ணன்’னுதான் கூப்பிடுவோம். அவர்கிட்டேயும் என் வண்டி மாதிரியே ஒரு டூயல் ஸ்போர்ட். என் லிஸ்ட்ல இருக்கிற முதல் ரெண்டு ஐட்டத்தையும் ஹாஸ்டல் பார்க்கிங்லயே, ஒரு ஸ்பேனர் செட்டை வெச்சு, ஒரே ராத்திரியில முடிச்ச மனுஷன். “தம்பி, வண்டி பறக்குதுடா! நீயே பாரு”ன்னார்.

பார்த்துடலாம். எங்கே? கொல்லிமலை!

லாரி ஊரின் தத்துவம்

நாமக்கல்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முட்டை? ஆஞ்சநேயர்? எனக்கு லாரி. ஊருக்குள்ள நுழையும்போதே வெல்டிங் வெளிச்சம் கண்ணை அடிக்கும். நாடு முழுக்க ஓடுற எத்தனையோ லாரிகளுக்கு பாடி கட்டுற ஊரு. பக்கத்துல திருச்செங்கோடு. இந்தியா முழுக்கப் போர் போடப் போற ரிக் வண்டிகளோட தலைநகரம். இந்தப் பக்கத்துப் பசங்க நடக்க ஆரம்பிக்கும்போதே ஸ்பேனர் சைஸ் சொல்லுவாங்க.

என் தாய்மாமாவுக்கு இங்கே ஒரு லாரி பட்டறை. காலையில கிளம்புறதுக்கு முன்னாடி அங்கே ஒரு டீ. என் லிஸ்ட்டைக் காட்டினேன். போர் குடையணும்னா லேத் வேணுமே... அதுக்குத்தான் இந்த ஐஸ்! மாமா லிஸ்ட்டை முழுசாப் படிச்சார். கண்ணாடியைக் கழட்டினார்.

“மாப்ள, பைபாஸ்ல ஓடுற பார்சல் லாரிக்கும், குவாரியில கல்லு ஏத்திட்டு மேடு ஏறுற லாரிக்கும் ஒரே எஞ்சின் இருக்கலாம். தெரியுமா?”

“அப்புறம் எப்படி மாமா அது மட்டும் மேடு ஏறுது?”

“பின்னாடி ஹவுசிங்ல கிரவுன் பினியன் பல்லுக் கணக்கு வேற. மேடு ஏத்துறது எஞ்சின் இல்லடா... பல்லு! போய்ட்டு வா, அப்புறம் பேசிக்கலாம்.”

லாரிக்காரங்களுக்கு பைக் பத்தி என்ன தெரியும்னு நான் நெனச்சேன். ராக்கெட் அண்ணன் கண்ணடிச்சார். ‘டுபு டுபு’ன்னு அவர் வண்டி ஸ்டார்ட் ஆச்சு. பட்டறையில தூங்கிட்டிருந்த நாய் எழுந்து ஓடிடுச்சு!

நேர் ரோட்டுல நான் அவுட்!

நாமக்கல்ல இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. இதுதான் ரூட். அடிவாரம் வரைக்கும் பெரும்பாலும் சமதளம். ரெண்டு பக்கமும் வயல், தென்னை, கோழிப்பண்ணை. எதிர்ல நீலமா ஒரு மதில் சுவர் மாதிரி நிக்குது கொல்லிமலை.

உண்மையைச் சொல்லிடறேன்... இந்த ரோட்டுல ராக்கெட் அண்ணன் வண்டி என்னைத் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு. ரெண்டு பேரும் மூணாவது கியர்ல ஒண்ணா கிளம்பி, ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்கிப் பார்த்தோம். முதல்ல சமமாத்தான் போனோம். 7,000 ஆர்பிஎம் தாண்டினதும் அவர் வண்டி ஒரு துள்ளு துள்ளிப் போயிடுச்சு.

காரணம் இருக்கு பாஸ். எஞ்சின்ங்கறது ஒரு காத்துப் பம்ப். எவ்வளவு காத்தை உள்ளே இழுத்து, எரிச்சு, வெளியே தள்ளுதோ அவ்வளவு பவர். ஆர்பிஎம் ஏற ஏற, காத்துக்கு நேரம் கம்மி. குறுகலான ஃபில்டரும், வளைஞ்சு வளைஞ்சு போற சைலன்சரும் அங்கேதான் தடை. அதை எடுத்துட்டா மேல் ஆர்பிஎம்ல மூச்சு தாராளம். ஸோ, மாடிஃபிகேஷன்ங்கறது பொய் இல்லை. ஆனா, அது லாபத்தை எந்த இடத்துல கொடுக்குது, நஷ்டத்தை எந்த இடத்துல எழுதி வெக்குதுங்கறதுதான் கேள்வி.

எனக்கு அப்போ அந்தக் கேள்வியெல்லாம் வரலை. மனசுக்குள்ள திங்கட்கிழமை அட்வான்ஸ் கட்டியாச்சு!

1/70

காரவள்ளி தாண்டினதும் முதல் போர்டு. கொண்டை ஊசி வளைவு... 1/70. அதாவது இன்னும் 69 பாக்கி! ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் எழுதியிருக்கும். ஊட்டி, ஏற்காடு, வால்பாறைன்னு நீங்க எத்தனை மலை ஏறியிருந்தாலும், இந்த எழுபதும் உங்களை ஒரு தடவை உட்கார வெச்சுப் பரீட்சை எழுத வெக்கும்.

கீழே முள்ளுக்காடு. கொஞ்சம் மேலே போனா மூங்கில். இன்னும் மேலே சில்வர் ஓக் மரங்கள், அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஏறுற மிளகுக் கொடிகள். நடுவுல குரங்குகள் ஒரு குடும்பமா கைப்பிடிச் சுவத்துல உட்கார்ந்து டிராஃபிக் போலீஸ் மாதிரி எல்லாரையும் பார்க்குதுங்க. காத்து மெல்ல மெல்ல ஜில்லுன்னு மாறுது.

இந்த ரோட்டுல நீங்க என்ன வேகம் போவீங்க? வளைவுக்குள்ள 15, 20 கிலோமீட்டர். வளைவு முடிஞ்சு அடுத்த வளைவு வர்றதுக்குள்ள 35, 40. அவ்வளவுதான். எஞ்சின் 3,000 ஆர்பிஎம் பக்கத்துலயே சுத்திட்டிருக்கும்.

இங்கே ஒரு சின்ன கணக்கு. பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் இல்லை! பவர்ங்கறது டார்க்கையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வர்றது. என் எஞ்சினோட அதிகபட்ச டார்க் 16.45 நியூட்டன் மீட்டர், அதுவும் 6,500 ஆர்பிஎம்ல. அந்த உச்ச டார்க்கே 3,000 ஆர்பிஎம்ல கிடைக்குதுன்னு தாராளமா வெச்சுக்கிட்டாலும், பவர் 7 குதிரையைத் தாண்டாது. 18 குதிரை முழுசா ஓடி வர்றது 8,500 ஆர்பிஎம்ல. அப்போ, கொண்டை ஊசியில மீதி 11 குதிரை எங்கே? லாயத்துலதான்!

ராக்கெட் அண்ணன் வண்டிக்கு நாங்க கூடுதலா வாங்கிக் கொடுத்த குதிரைங்க எல்லாம் 7,000-க்கு மேலே. இந்த மலையில அந்தக் குதிரைங்களுக்கு வேலையே இல்லை. இந்தக் கணக்கை நான் போட்டது ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகு. அதுக்கு முன்னாடியே மலை எங்களுக்கு விடையைச் சொல்லிடுச்சு.

52-வது வளைவு

நாப்பதாவது வளைவு தாண்டும்போதே ராக்கெட் அண்ணன் வண்டி இருமத் தொடங்குச்சு. வளைவுக்குள்ள வேகம் குறைச்சு, மறுபடி ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது ஒரு நொடி ‘ப்ப்ப்...’னு திணறும். அப்புறம் திடீர்னு பிடிக்கும். அதைச் சமாளிக்க அவர் ஒவ்வொரு வளைவுலயும் அரை கிளட்ச்சைப் பிடிச்சு இழுத்துட்டே வந்தார். பின்னாடி வந்த எனக்கு கிளட்ச் தீயுற நாத்தம்.

52-வது வளைவு. வலது பக்கம் செங்குத்தா திரும்புது. அவர் உள்ளே நுழையுறார். அதே நேரம் மேலே இருந்து பஸ் ஹாரன். முழு லோடு பஸ்ஸு. மலை ரோட்டுல மேலே ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி. டிரைவர் ஒதுங்கித்தான் வந்தார். அண்ணன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். ‘ப்ப்ப்...’ எஞ்சின் ஆஃப்!

வளைவுக்கு நட்ட நடுவுல. ஏத்தத்துல. வண்டி பின்னாடி உருளுது. சீட் உயரம் அதிகம், சாய்வுல ஒரு கால் தரைக்கு எட்டலை. நான் என் வண்டியை அப்படியே சாய்ச்சுப் போட்டுட்டு ஓடினேன். அதுக்குள்ள பிரேக் சத்தம், சரளைக்கல் சத்தம்... பஸ் நின்னுடுச்சு. பஸ்ஸோட பம்பருக்கும் அண்ணன் முன் சக்கரத்துக்கும் நடுவுல என்னோட ரெண்டு கை அகலம்தான்.

டிரைவர் திட்டுவார்னு எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, “அடி ஏதும் படலியே கண்ணு? மெதுவா எடுங்க”ன்னார். அந்த ‘கண்ணு’தான் தாங்க முடியலை. திட்டியிருக்கலாம்.

அதுக்கு அப்புறம் 18 வளைவு. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை.

செம்மேட்டில் சுக்குக் காபி

செம்மேடு. கொல்லிமலையோட மெயின் ஊரு. அங்கே வல்வில் ஓரிக்கு ஒரு சிலை இருக்கு. கடையேழு வள்ளல்கள்ல ஒருத்தர். ஒரே அம்புல யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்புன்னு வரிசையா துளைச்சவர்னு புறநானூறு சொல்ற ஆள். ஆடி மாசம் அவருக்கு இங்கே விழா எடுப்பாங்க.

சிலைக்குப் பக்கத்துல ஒரு டீக்கடையில மிளகுத்தூள் போட்ட சுக்குக் காபி. க்ளாஸைப் பிடிச்சிருந்த அண்ணன் கை இன்னும் நடுங்கிட்டிருந்துச்சு. “ஏன்டா தம்பி ஆஃப் ஆச்சு?”ன்னு என்னையே கேட்டார்.

ரெண்டு காரணம். முதல் காரணம், மலை. கொல்லிமலையோட மேல் பகுதி கடல் மட்டத்துல இருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் காத்தோட அடர்த்தி சுமார் 1 சதவிகிதம் குறையும். அதாவது அடிவாரத்துல இருந்ததைவிட மேலே பத்துல ஒரு பங்கு காத்து கம்மி. காத்து கம்மின்னா பவரும் கம்மி. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி காத்துக்குத் தகுந்த மாதிரி பெட்ரோலைக் குறைச்சு ஊத்தும். ஆனா, இல்லாத காத்தை அது எங்கே போய் வாங்கும்?

ரெண்டாவது காரணம், நாங்க. கம்பெனி அந்த எஞ்சினுக்கு எவ்வளவு காத்து வரும்னு அளந்து, அதுக்குத் தக்கபடி பெட்ரோல் கணக்கை கம்ப்யூட்டருக்குள்ள எழுதி வெச்சிருக்கு. நாங்க ஃபில்டரையும் சைலன்சரையும் மாத்திட்டு, அந்தக் கணக்கை மாத்தலை. மூச்சு ஜாஸ்தி, சாப்பாடு கம்மி! திடீர்னு ஆக்ஸிலேட்டர் கொடுத்தா பெட்ரோல் பத்தாம எஞ்சின் திணறும். இன்னொண்ணு... அகலமான சைலன்சர்ல கம்மி ஆர்பிஎம்ல புகையோட வேகம் குறைஞ்சுடும். அது வேகமா வெளியே ஓடினாத்தான் பின்னாலேயே புதுக் காத்தை உள்ளே இழுக்கும். அந்த இழுவை போச்சுன்னா, கீழ் ஆர்பிஎம் டார்க்கும் போச்சு.

அப்போ லிஸ்ட்ல மூணாவதா இருந்த எலெக்ட்ரானிக் டப்பாவை மாட்டினா சரியாகிடுமா? முறையா டைனோ மெஷின்ல ஏத்தி, ஒவ்வொரு ஆர்பிஎம்லயும் கலவையை அளந்து டியூன் பண்ணினா ஆகும். ஹாஸ்டல் பார்க்கிங்ல டைனோ கிடையாதே!

மஞ்சள் தூள் மாதிரி...

வந்ததுக்கு மண் ரோடு பார்க்காமப் போவோமா? செம்மேட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல தார் ரோட்டை விட்டுப் பிரிஞ்சு, காபித் தோட்டம், அன்னாசி, பலா மரங்களுக்கு நடுவுல ஒரு செம்மண் பாதை. மழை பெஞ்சு ரொம்ப நாளாச்சு. முன்னாடி போற வண்டிக்குப் பின்னாடி புழுதி ஒரு மேகம் மாதிரி எழும்புது. டூயல் ஸ்போர்ட் வண்டி பிறந்ததே இதுக்குத்தான். நின்னுக்கிட்டே ஓட்டினோம். அந்த அரை மணி நேரம் 52-வது வளைவு மறந்தே போச்சு.

ஆனா, சாயந்தரம் மாமா பட்டறையில மறுபடி ஞாபகம் வந்துச்சு. அண்ணன் வண்டியோட கூம்பு ஃபில்டரைக் கழட்டினார் மாமா. அதுக்குப் பின்னாடி எஞ்சினுக்குப் போற குழாய்க்குள்ள விரலை விட்டு ஒரு சுத்து சுத்தி, வெளியே எடுத்துக் காட்டினார். விரல் நுனியில செம்மண். மஞ்சள் தூள் மாதிரி மையா.

“தம்பி, வால்வு அரைக்கிறதுக்கு கிரைண்டிங் பேஸ்ட்னு கடையில காசு கொடுத்து வாங்குவோம். மணலும் எண்ணெயும் சேர்ந்தா அதே பேஸ்ட்தான். நீங்க அதை உள்ளேயே தயார் பண்ணிட்டிருக்கீங்க!”

மணல் துகள் இரும்பைவிடக் கடினம். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல போனா ரெண்டையும் தேய்ச்சு எடுத்துடும். அப்புறம் ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும், கம்ப்ரஷன் குறையும். எந்த பவருக்காக ஃபில்டரைக் கழட்டினோமோ, அதே பவர் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகிடும். ஓப்பன் ஃபில்டரை பாதையே சுத்தமா இருக்கிற ரேஸ் டிராக்ல வெச்சுக்கலாம். புழுதியே வாழ்க்கையா இருக்கிற வண்டிக்கு ஏர் ஃபில்டர் டப்பாதான் நுரையீரல்.

கம்பெனிக்காரன் என்ன செஞ்சான்?

அன்னிக்கு ராத்திரி மாமா வீட்டு மொட்டை மாடியில லிஸ்ட்டையும் கால்குலேட்டரையும் வெச்சு உட்கார்ந்தேன்.

நாலாவது ஐட்டத்துல ஆரம்பிச்சேன். என் எஞ்சினோட போர் 66.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 57.5. போரை 2 மில்லிமீட்டர் பெருசாக்கினா கொள்ளளவு சுமார் 212 சிசி. வெறும் 6 சதவிகிதம் அதிகம். அதுக்குப் புது பிஸ்டன், கேஸ்கெட், கூடவே ஏறுற கம்ப்ரஷன், அதனால ஏறுற சூடு, அதைத் தாங்க வேண்டிய கிராங்க் பேரிங், கிளட்ச்... ஒண்ணை இழுத்தா ஒன்பது வருது!

2021-ல் ஹீரோ கம்பெனியே இந்த வண்டிக்கு 4 வால்வு ஹெட் கொடுத்தது. புது ஹெட், மேம்படுத்தின ஆயில் கூலர் எல்லாம் சேர்த்து 18.08 பிஎஸ் எவ்வளவு ஆச்சு தெரியுமா? 19.1 பிஎஸ்! ஒரே ஒரு குதிரை. 24.6 பிஎஸ் வேணும்னு முடிவு பண்ணினப்போ, 2025-ல் லிக்விட் கூலிங், ஆறு கியர்னு வேற எஞ்சினையே தூக்கி வெச்சு எக்ஸ்பல்ஸ் 210 ஆக்கிட்டாங்க. டிசைன் இன்ஜினீயர்கள், லேப், டைனோ எல்லாம் வெச்சிருக்கிறவங்களுக்கே ஒரு குதிரைக்கு ஒரு ஹெட் மாத்த வேண்டியிருக்கு. என்கிட்டே இருக்கிறது ஒரு ஸ்பேனர் செட்!

இதைவிட ஆச்சரியம் இன்னொண்ணு. 2020-ல் இதே வண்டியைக் கரடுமுரடான ரேலிக்குத் தயார் பண்ண ஒரு ‘ரேலி கிட்’ விட்டாங்க. விலை 38,000 ரூபாய். உள்ளே என்ன இருந்துச்சு? நீளமான சஸ்பென்ஷன், ஆஃப் ரோடு டயர், உயரமான சீட், ஹேண்டில்பாரை உயர்த்துற ரைசர், மாத்தின ஸ்ப்ராக்கெட். எஞ்சினுக்குள்ள? ஒண்ணுமே இல்லை! மாமா சொன்ன அதே பல்லுக் கணக்கு. லாரிக்காரருக்கு பைக் பத்தி என்ன தெரியும்னு நெனச்சவன் தலையைக் குனிஞ்சேன்.

சட்டத்தையும் ஒரு புரட்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 திருத்தத்துக்கு அப்புறம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், இல்லேன்னா ரெண்டுமே. சத்தம், புகை விதியை மீறினா, முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் போகலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமச் செஞ்ச மாற்றம், க்ளெய்ம் கேட்கும்போது குறுக்கே வந்து நிக்கும். 52-வது வளைவுல அந்த ரெண்டு கை இடைவெளி இல்லாமப் போயிருந்தா..? அதுக்கு மேலே கணக்குப் போட மனசு வரலை.

ஒரே ஒரு பல்

ஞாயித்துக்கிழமை காலையில மாமா என் வண்டியைச் சுத்தி வந்தார். “முதல்ல இருக்கிற பவரைத் தேடிப் பிடிப்போம். அப்புறம் இல்லாததைத் தேடலாம்”ன்னார். அஞ்சே நிமிஷத்துல அஞ்சு குறை! செயின் ரொம்ப டைட். பின் டயர்ல காத்து கம்மி. ஏர் ஃபில்டர் பழைய ஓனர் காலத்துல இருந்து மாத்தாம அடைச்சிருக்கு. கிளட்ச் கேபிள்ல ப்ளே இல்லாம லேசா ஸ்லிப் ஆகுது. பிளக்குக்கு ஆயுசு முடிஞ்சாச்சு. அதாவது, நான் ஓட்டிட்டிருந்தது 18 குதிரையே இல்லை பாஸ்! பாதி வழியில சில குதிரைங்க ஓடிப்போயிருக்கு, எனக்குத் தெரியலை!

எல்லாத்தையும் சரி பண்ணின பிறகு, முன் ஸ்ப்ராக்கெட். எண்ணிப் பார்த்தேன், 13 பல். பின்னாடி 40. நாற்பதை 13-ஆல வகுத்தா 3.08. முன்னாடி ஒரு பல்லைக் குறைச்சு 12 ஆக்கினா 3.33. எல்லா கியர்லயும் பின் சக்கரத்துக்குப் போற இழுவை 8 சதவிகிதம் கூடுது. 3,000 ஆர்பிஎம்லயும் கூடுது, 8,000-லயும் கூடுது. பின் ஸ்ப்ராக்கெட்ல மூணு பல் ஏத்தினாலும் ஏறக்குறைய இதே பலன்தான். முன்னாடி மாத்துறது சுலபம், அரை மணி நேர வேலை. பிடிக்கலேன்னா பழசையே மாட்டிக்கலாம். குடைஞ்ச சிலிண்டரைத் திரும்ப ஒட்ட முடியுமா? எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்கூட ஆகலை.

சும்மா கிடைக்குமா இது? இல்லை. அதே வேகத்துக்கு எஞ்சின் 8 சதவிகிதம் கூடுதலா சுத்தணும். பைபாஸ்ல நீளமாப் போனா கை மரத்துப் போகுது, டாப் ஸ்பீடும் கொஞ்சம் இறங்கும். சின்ன ஸ்ப்ராக்கெட்ல செயின் அதிகமா வளையும், சீக்கிரம் தேயும். ஸ்விங் ஆர்ம் மேல இருக்கிற ரப்பர் கட்டையையும் அடிக்கடி பார்த்துக்கணும். தினமும் ஹைவேயில 60 கிலோமீட்டர் காலேஜுக்குப் போறவரா நீங்க? இந்தப் பல்லைத் தொடாதீங்க. வாரன்டி இருக்கிற வண்டின்னா சர்வீஸ் சென்டர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொடுங்க. உண்மையிலேயே எஞ்சின் பவரோட விளையாடணும்னு வெறி இருந்தா, அதுக்கு கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு. அங்கே பஸ் எதிர்ல வராது.

அடுத்த வாரம் தனியா மறுபடி கொல்லிமலை. 52-வது வளைவு வந்துச்சு. ரெண்டாவது கியர். கிளட்ச்சைத் தொடலை. மெதுவா முறுக்கினேன். வண்டி, லோடு ஏத்தின லாரி மாதிரி நிதானமா, திணறாம, தன்பாட்டுக்கு ஏறிப் போச்சு. சத்தமே இல்லை. மூங்கில்ல காத்து அடிக்கிற சத்தம் அன்னிக்குத்தான் முதல்முதலா என் காதுல விழுந்துச்சு.

ராக்கெட் அண்ணன்? ஒரிஜினல் சைலன்சரைக் கட்டிலுக்கு அடியில இருந்து எடுத்து, அதுக்குள்ள குடியிருந்த பல்லி குடும்பத்தைக் காலி பண்ண வெச்சு, மறுபடி மாட்டிட்டார். ஏர் ஃபில்டர் டப்பாவும் திரும்ப வந்தாச்சு. மாட்டி முடிச்சுட்டு, துணியில கையைத் துடைச்சுக்கிட்டே மெதுவா கேட்டார்: “டேய் தம்பி... அந்தப் பல்லு எந்தக் கடையில கிடைக்குது?”

என்கிட்டே இன்னும் 20,000 ரூபாய்க்கு மேல பத்திரமா இருக்கு. ப்ராஜெக்ட் டைட்டில்கூட ரெடி... மலை ரோட்டுக்கு ஏத்த கியர் விகிதம்! சாவியும் என் பாக்கெட்லயேதான் இருக்கு. வல்வில் ஓரிக்கு ஒரே அம்பு. நமக்கு ஒரே பல்லு!

மலைக்குக் கிளம்புறீங்களா? ஒரு நிமிஷம்...

* பணம் செலவு பண்றதுக்கு முன்னாடி செயின் தொய்வு, டயர் காத்து, ஏர் ஃபில்டர், கிளட்ச் ப்ளே, பிளக்... இந்த அஞ்சையும் பாருங்க.

* எதை மாத்தினாலும் காதை நம்பாதீங்க. ஆளில்லாத நேர் ரோட்டுல, மூணாவது கியர்ல 30-ல இருந்து 60 போக எத்தனை செகண்ட்னு ஃப்ரெண்டை விட்டு அளங்க. போக மூணு தடவை, வர மூணு தடவை. மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும். சத்தம் ஏமாத்தும், ஸ்டாப் வாட்ச் ஏமாத்தாது.

* பெட்ரோலை நாமக்கல்லயே போட்டுக்கோங்க. வளைவுக்கு முன்னாடி ஹாரன், வளைவுக்குள்ள ஓவர்டேக் கூடவே கூடாது.

* இறங்கும்போது நியூட்ரல் வேண்டாம். ஏறின கியர்லயே இறங்குங்க. எஞ்சினே பிடிச்சு நிறுத்தும், பிரேக் சூடாகாது.

* ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல இருந்து ஆயிரத்துக்கும் மேல படி. இறங்குறது ஜாலி. திரும்ப ஏறும்போது உங்க சொந்த எஞ்சினோட டார்க் தெரிஞ்சுடும்!